துலுக்காணத்தின் குடல்வால்

துலுக்காணம் மறுபடியும் செத்துப் போனான். இந்த வாரத்தில் எத்தனையாவது தடவை என்று திருவள்ளூர்ப் பக்கத்து அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

"பலே ஜெயராஜ்! ரத்தக் குழாயையே அறுத்துட்டீங்க. அவன் சம்சாரத்துக்கு யார் ஆள் அனுப்பறது, நீங்களா நானா?" என்றார் பெரிய டாக்டர் ஜானகியம்மாள்.

உதவி டாக்டர் ஜெயராஜ் தலை குனிந்தார். துலுக்காணத்துக்குச் சம்சாரம் கிடையாது. தலையணை உறையில் பஞ்சு, மேல்தோலுக்குச் சைக்கிள் டியூப், வயிற்றுக்குள் கறிக்கடை ஆட்டுக்குடல், சிவப்பு மை ரொப்பிய ரப்பர் குழாய், அவ்வளவுதான் அவன். ஜெயராஜ் அறுத்துப் பழகச் செய்த அந்தப் பொம்மைக்குப் பெயர் வைத்தவள் ஆயா எல்லம்மா.

"நிலாவுல மனுஷன் எறங்கியாச்சு. உங்களால ஒரு குடல்வாலைப் புடிக்க முடியல."

ஜெயராஜுக்கு அழுகையே வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நிஜ நோயாளி மேல் கத்தி வைக்க அந்த அம்மாள் விடவில்லை. இன்றைக்கும் விடாவிட்டால் ராஜினாமாதான் என்று முடிவு கட்டியிருந்தார்.

எல்லம்மா இட்லித் தட்டோடு வந்தாள். "காலைலர்ந்து பட்டினியா கீறியே டாக்டரம்மா. இந்த நாஷ்டாவயாச்சும் துன்னு."

"வேணாம், எடுத்துக்கினு போ. இவர் தைக்கற அழகுலயே வயிறு ரொம்பிடுச்சு." வலது இடுப்பில் கையை ஊன்றிச் சண்டைக்கு நிற்பவர் போல நின்றார் ஜானகியம்மாள்.

புது டியூப் மாட்டப்பட்டது. இந்தத் தடவை ஜெயராஜ் கோபத்தில் அறுத்தார், கோபத்தில் தைத்தார். ஒரு சொட்டு மை சிந்தவில்லை. துலுக்காணம் பிழைத்துக்கொண்டான்.

ஜானகியம்மாள் தையலைத் தடவிப் பார்த்தார். திட்ட ஒன்றும் அகப்படாத வருத்தம் முகத்தில் தெரிந்தது.

"சரி, தியேட்டருக்கு வாங்க. மயக்க டாக்டர் காத்துக்கினு இருக்கார். இன்னைக்கு நிஜக் குடல்வால்."

ஜெயராஜ் ஓடினார். கை கழுவி, கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனால், மேஜை காலியாக இருந்தது.

"பேஷண்ட் எங்கே மேடம்?"

ஜானகியம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி எல்லம்மாவிடம் கொடுத்தார். மேஜை மேல் ஏறிப் படுத்தார். "மாசக்கணக்கா உயிரை வாங்குது. ஆரம்பிங்க."

ஜெயராஜ் கதவுப் பக்கம் நகர்ந்தார். "மேடம்... மெட்ராஸ்ல பெரிய பெரிய சர்ஜனெல்லாம் இருக்காங்களே!"

"அவனுங்க எல்லாம் என்கூடப் படிச்சவனுங்க ஜெயராஜ். அதான் பயம்!"