திரும்பி வந்த கோடு

"இன்னாம்மா இது, பூஜ்யம் போட்டு எடுத்துகினு வந்துகீற?"

ரெஜினா விரலால் காகிதத்தைக் குத்திய குத்தில் அது நழுவ, எதிரே உட்கார்ந்திருந்த சிநேகா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

திருவிடந்தையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல் அது. ரெஜினாதான் வார்டன். ஹாஸ்டலில் ஆட்களைச் சேர்க்க ஒரு ஆப் வேண்டும் என்று நிர்வாகத்தில் கேட்டிருந்தார்கள். அதற்கு ஸ்கிரீன் வடிவமைப்பது சிநேகாவின் வேலை. காகிதத்தில் மூன்று கட்டம் போட்டிருந்தாள். ஒன்றில் 'தங்குபவர்', ஒன்றில் 'ரூம்', ஒன்றில் 'கார்டியன்'. நடுவே கோடுகள்.

"இது கிளாஸ் டயக்ராம், மேடம். ஸ்கிரீன் போடறதுக்கு முன்னாடி, ஆப்ல யார் யார் இருக்காங்க, யாருக்கு யாரோட சம்பந்தம்னு வரைஞ்சிக்குவோம். கோட்டு முனையில இருக்கிற நம்பர், எத்தினி பேருன்னு சொல்லும்."

"அதான் கேக்கறேன். கார்டியன் பக்கம் பூஜ்யம்னா?"

"கார்டியன் இல்லாதவங்களும் சேரலாம்னு அர்த்தம். அங்க ஒண்ணுன்னு போட்டா, கார்டியன் பேரு அடிக்காம பட்டன் அமுங்காது மேடம்."

"அமுங்கவே கூடாது! ஒண்ணு போடு."

அந்த ஒன்றுதானே பிரச்சினை! சிநேகாவின் அம்மா போன வருஷம் தவறிப்போனாள். அப்பா என்று ஒரு கட்டம் அவள் வாழ்க்கையில் முதலிலிருந்தே கிடையாது. செங்கல்பட்டில் இருந்த வாடகை வீட்டை வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். ஏறி இறங்கிய ஹாஸ்டலில் எல்லாம் ஒரே பாட்டு: "கார்டியன் யாரும்மா?" இங்கேயும் வாய்விட்டுக் கேட்டு, இன்னொரு 'இல்லை' வாங்கிக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை. பூஜ்யத்துக்கு முதலில் தலையாட்ட வைத்துவிட்டால், ரூமை அப்புறம் கேட்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். பாவம், எடுத்த எடுப்பிலேயே பூஜ்யம் மாட்டிக்கொண்டது.

"யாருமே இல்லாதவங்க இன்னா மேடம் பண்ணுவாங்க?"

"யாருமே இல்லாத ஒருத்தி கதை சொல்லட்டா? வவுத்து வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனா. உடனே ஆபரேஷன்னாங்க. கையெழுத்து போட சொந்தக்காரங்க யாருன்னு கேட்டா, திருதிருன்னு முழிச்சா. விடியற வரைக்கும் ஸ்ட்ரெச்சர்லயே கெடந்தா, தெரியுமா? கர்த்தர் கிருபை, பொழைச்சிகினா." ரெஜினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுக்கப்புறம் பூஜ்யம் போட எனக்கு எப்டிம்மா மனசு வரும்?"

அந்தம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே! காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடலாமா என்று சிநேகாவுக்கு இருந்தது.

ரெஜினா விடுகிற மாதிரி இல்லை. "போன மாசம்கூட இங்க 'வேண்டா'ன்னு பேரு உள்ள ஒரு பொண்ணுக்கு டெங்கு. கார்டியன் அவங்க அண்ணாத்த. எத்தினி தபா அடிச்சும் அந்த ஆளு போனை எடுக்கல. ஒரே பேஜாராப் பூடுச்சி. பக்கத்து பெட்டு செங்கம்மாதான் ஆட்டோ புடிச்சி இட்டுகினு ஓடினா. கூடவே கெடந்து கஞ்சி ஊத்தினா."

சிநேகா சட்டென்று நிமிர்ந்தாள். "அப்ப வேண்டாவுக்கு நெசமான கார்டியன் யாரு மேடம்?"

"வேற யாரு, செங்கம்மாதான்" என்றாள் ரெஜினா.

சிநேகா ரப்பரை எடுத்து, 'கார்டியன்' என்ற கட்டத்தையே அழித்தாள். 'தங்குபவர்' கட்டத்திலிருந்து ஒரு கோட்டை வெளியே இழுத்து, வளைத்து, அதே கட்டத்தில் கொண்டுவந்து விட்டாள். முனையில் 'ஒன்று' என்று எழுதினாள்.

"இன்னாம்மா, போன கோடு வூட்டுக்கே திரும்பி வருது?"

"ஆமா மேடம். இங்க தங்கறவங்களுக்கு, இங்க தங்கற இன்னொருத்தர்தான் கார்டியன். வெளிய சொந்தம் இருந்தா அவங்க நம்பரையும் தனியா வாங்கிக்கலாம். ஆனா உள்ள ஒருத்தர் கண்டிப்பா வேணும். உங்க பேச்சுப்படி ஒண்ணுதான், பூஜ்யம் இல்ல."

ரெஜினா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

"அட, ஷோக்கா கீதும்மா! இதையே போடு."

அப்பாடா! சிநேகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நெசமான பேரு போட்டு, சரியா வருதான்னு ஒரு தபா பாத்துடலாம் மேடம்" என்றவள், கீழே புதிதாக ஒரு கட்டம் வரைந்தாள். தைரியத்தை எல்லாம் திரட்டி உள்ளே எழுதினாள்: சிநேகா.

ரெஜினா பெயரைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள். "எப்போ வர்ற?"

"ஞாயித்துக்கிழமை மேடம்." கண்ணில் நீர் முட்டியது. சந்தோஷத்தில் அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. "ஆனா இங்க எனக்கு யாரையும் தெரியாதே. கார்டியனுக்கு யார் பேரைப் போடறது?"

"பென்சிலை இங்க குடு." ரெஜினா பக்கத்திலேயே கோணல்மாணலாக ஒரு கட்டம் போட்டு, அதில் 'ரெஜினா' என்று எழுதி, சிநேகாவின் கட்டத்திலிருந்து அதற்கு ஒரு கோடு இழுத்தாள்.

சிநேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், நீங்க வார்டன். இங்க தங்கறவங்கதான் கார்டியன் ஆவ முடியும்."

"நானும் இங்கதாம்மா தங்கிகினு கீறேன், மாடி ரூம்ல, தனியா" என்ற ரெஜினா, தன் கட்டத்திலிருந்து சிநேகாவின் கட்டத்துக்கு இன்னொரு கோட்டை இழுத்து, முனையில் 'ஒன்று' என்று அழுத்தி எழுதினாள். "இன்னொரு தபா என்னை ஸ்ட்ரெச்சர்ல போட்டா, கையெழுத்து நீதான் போடணும்."