எதிர்ச்சாரியில் ஒரு ஆள்

“எழுந்திருக்காதீங்க. இன்னிக்கும் அந்த ஆள் எதிர்ல நிக்கிறான்” என்றாள் மனைவி.

மனச்சோர்வால் லாரி ஓட்டுவதை விட்டிருந்த கணவனுக்கு நின்றுபோன அரசு உதவித்தொகை, முறையீடு செய்த பிறகுதான் மறுபடி வந்தது. வெளியே நடமாடினால் குணமாகிவிட்டதாக எழுதி, திரும்பவும் நிறுத்திவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம்.

நான்காம் நாள் பொறுக்க முடியாமல் தெருவைக் கடந்தாள்.

“எங்களை வேவு பாக்கச் சொல்லி ஆபீஸ்ல அனுப்பினாங்களா?”

“நான் ஆபீஸை விட்டுட்டேம்மா. போன வருஷம் உங்க பணத்தை நிறுத்திக் கையெழுத்துப் போட்டது நான்தான். அப்படி நிறுத்தினதுல ஒருத்தர் உயிரை விட்டுட்டார். மத்தவங்களை வீடு வீடாப் போய்ப் பார்க்கிறேன். பார்த்தாத்தான் தூக்கம் வருது.”

அவர் குரல் தாழ்ந்தது.

“உங்க வீட்டுக்காரரை மட்டும் நாலு நாளா வெளியிலயே காணோம். இருக்காருல்ல?”