ஞாயிறு அஞ்சரை மணிக்கு

“ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்கு. செவப்பு லைட் அணைஞ்ச நொடியில கெளம்பிரணும். மொத வளைவுல முன்னாடி போயிட்டா, அப்புறம் ஒருத்தனாலயும் பிடிக்க முடியாது.”

மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த தங்கம் டீச்சரின் கை கொடியிலேயே நின்றுவிட்டது. பக்கத்து மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று ஷைமா போனில் பேசிக்கொண்டிருந்தாள். டீச்சர் ரிட்டயர் ஆகி நாலு வருஷமாகிறது. அவர் காது மட்டும் இன்னும் டூட்டியில்தான் இருக்கிறது.

“சனிக்கிழமையே முன் வரிசையில எடம் பிடிச்சிரணும். மழை வந்தா நடுவுல வண்டிய மாத்திக்கலாம். ஐயே, உங்காளா? போன தடவ மாதிரி பாதியில வழுக்கி விழாம இருந்தாப் போதும்!” சிரித்தவளின் குரல் சட்டென்று குழைந்தது. “கவலப்படாதீங்க, நான் இருக்கேன்ல. ஒவ்வொரு வளைவா நான் பாத்துச் சொல்றேன். ஆமா, கண்ணுக்கு மருந்து ஊத்துனீங்களா?”

டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முன் வரிசை என்றால் ஆரப்பாளையத்தில் ஏறப்போகிற பஸ். நடுவில் வண்டி மாற்றுவது துரத்தி வருகிறவர்களை ஏமாற்ற. கண் மருந்துதான் கொஞ்சம் இடித்தது. ‘அதுக்குள்ள அம்புட்டு அக்கறையாக்கும்’ என்று அதையும் காதலில் சேர்த்துக்கொண்டார்.

மஹபூப்பாளையத்தில் ஒரு சேதி அடுத்த வீட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? துணியை மடிக்காமலே இறங்கினார்.

“அமீரு, சத்தம் போடாத. ஒம் மக ஞாயித்துக்கிழமை ஓடப் போறா.”

அமீருன்னிசா கையிலிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டாள். அவளுக்கு இருப்பது ஒரே மகள். புருஷன் அப்துல் ரசாக் பதினோரு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். எதற்கென்று டீச்சருக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ‘இனிமே ஒங்க அத்தா பேரை எடுத்தா என் மய்யத்தைத்தான் பாப்பே’ என்று அன்றைக்கே மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

படியிறங்கி வந்த ஷைமாவிடமிருந்து போனைப் பிடுங்கினாள். “யாருடி அவன்?”

“எவன்மா? அது பைக் ரேஸு! இத்தாலியில நடக்குது. சனிக்கிழமை வேகமா ஓட்டுறவனுக்கு ஞாயித்துக்கிழமை முன் வரிசை. மழை பேஞ்சா வேற டயர் போட்ட வண்டிக்கு மாறிக்குவாங்க. அதத்தான் பேசிக்கிட்டிருந்தோம்.”

“பொம்பளப் புள்ளைக்கு பைக் ரேஸாம்ல,” என்றார் டீச்சர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு. “எங்க ஸ்கூல்ல படிச்சிருந்தா இதவிட நல்லாப் பொய் சொல்லியிருப்பா.”

ஷைமா போனை வாங்கிப் படங்களைக் காட்டினாள். தரையில் முழங்கை உரசச் சாய்ந்து போகும் வண்டிகள், வட்டவட்டமாகப் பந்தயப் பாதை. அமீருன்னிசா எல்லாவற்றையும் பார்த்தாள்.

“சரி, ரேஸுன்னே வச்சுக்குவோம். யாரு கூடப் பேசுன?”

போனில் அந்த எண்ணுக்கு ‘ரேஸ்’ என்றுதான் பெயர் இருந்தது.

“ரேஸ் பிடிச்ச ஒருத்தர்.”

“ஒருத்தர்னா? பேரச் சொல்லு, போனத் தந்துர்றேன். சொல்லாட்டி வாடிப்பட்டி மாப்பிள்ளை வீட்டுக்கு இப்பவே சரின்னு சொல்லிருவேன்.”

படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதென்று ஷைமா கெஞ்சித் தள்ளிப்போட்டுவந்த சம்பந்தம் அது. அவள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

“சரின்னே சொல்லிருங்கம்மா.”

“பாத்தியா, காட்டிக்குடுக்க மாட்டேங்குறா! அம்புட்டு ஆழமாப் போயிருக்கு,” என்று கிசுகிசுத்தார் டீச்சர். “நீ அவன்கிட்டப் பேச்சுக் குடுக்காத. போன அணைச்சு பீரோவுல வை.”

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு நிக்காஹ். அவ்வளவு அவசரத்திலும் பிரியாணியில் ஒரு குறை சொல்ல முடியவில்லை என்பதில் டீச்சருக்குச் சிறு வருத்தம். உள்ளறையில் ஷைமா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே ஹஜ்ரத், “அப்துல் ரசாக் மகள் ஷைமாவை…” என்று வாசித்தபோதுதான் உடைந்து அழுதாள். பக்கத்திலிருந்த பெண்கள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். எவனை நினைத்து அழுகிறாள் என்பது தனக்கு மட்டும் தெரியும் என்று டீச்சர் வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை பெண் வாடிப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஞாயிறு சாயங்காலம் வீடு வெறிச்சென்று கிடந்தது. பேச்சுத் துணைக்கு வந்த டீச்சருக்குக் கடிகாரத்தின் மேலேயே கண்.

“அமீரு, அஞ்சரை ஆகப்போகுது. அந்தப் பய காத்துக்கிட்டு நிப்பான். எவன்னு தெரிஞ்சுக்க வேணாமா?”

அமீருன்னிசாவுக்கும் அது வேண்டித்தான் இருந்தது. பீரோவிலிருந்து போனை எடுத்து உயிர் கொடுத்தாள். அஞ்சு முப்பத்தொன்றுக்கு அது அடித்தது. திரையில் ‘ரேஸ்’.

ஸ்பீக்கரைப் போட்டாள். அஞ்சு நாளாகத் திரண்டிருந்த வசவு நாக்கு நுனிக்கு வந்தது. அதற்குள் வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே அந்தப் பக்கத்துக் குரல் முந்திக்கொண்டது.

“ஷைமா, அத்தா பேசுறேம்மா… எனக்குச் சத்தம் மட்டுந்தான் கேக்குது, யாரு முன்னாடி போறான்னு பாத்துச் சொல்லு.”