மூன்றாவது நட்டு

டிரைவர் செல்லையா வேலையில் இருப்பதா, கம்பிக்குள் போவதா என்பதை லோரி இஞ்சினில் இருந்த ஒரு சின்ன நட்டுதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

"இந்த வாரத்துல இது நாலாவது தடவ, கிளாரன்ஸ்," என்றார் தோட்டத்து ஆபீஸ் கிராணி சிவானந்தம். "கேட்டைத் தாண்டினதும் லோரி நொண்டுது. மெஷின் கோளாறா, ஆள் கோளாறான்னு நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எழுதிக் குடு."

"ஆள் கோளாறுன்னா, ஐயா?"

"டிரைவர் காட்டுக்காரங்களுக்கு ஒத்தாச பண்றான்னு அர்த்தம். மெதுவா போற லோரியிலேர்ந்து ஒரு அரிசிப் பொட்டலத்தத் தள்ளிவிட எவ்ளோ நேரமாவும்? துரை போலீசுக்குச் சொல்லிருவாரு. அப்புறம் கேஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திருவாங்க."

மலாயாவில் அவசரகாலம் தொடங்கி நாலு வருஷம். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்வேலி. காலை ஆறு மணிக்குத்தான் கேட் திறப்பார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போகாதபடி ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் விடுவார்கள். ஆறே காலுக்கு லோரி கிளம்பிவிட வேண்டும், நடுவழியில் எங்கும் நிற்கக் கூடாது. லோரியை விட்டவர்கள் வேலைக்காட்டுக்கு மூன்று மைல் நடக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் வேலை வாங்கும் மண்டோர் பெரட்டு எடுத்து, பேர் கூப்பிட்டு முடித்திருப்பார். அன்றைய கூலி போச்சு.

தோட்டத்துக்கு இருக்கிற ஒரே பிட்டர் கிளாரன்ஸ். அலுப்பு அவனுக்குச் சட்டையில் படிந்த எண்ணெய் மாதிரி, துவைத்தாலும் போவதில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான்.

இஞ்சினை ஓடவிட்டு, டீசல் போகும் நாலு பைப்பின் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தான். வேலை செய்கிற பைப்பைத் தளர்த்தினால் இஞ்சின் திணறும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லையென்றால் அதுதான் சோம்பேறி. மூன்றாவதில் சத்தம் மாறவில்லை. மாறாதுதான், முந்தின மூன்று தடவையும் ரோட்டுக் குலுக்கல் என்று அவன் இறுக்கிவிட்ட அதே நட்டு மறுபடியும் அரைச் சுற்று தளர்ந்திருந்தது. அதன் விளிம்பில் பிளையரின் பல் தடம். ரோட்டுக் குலுக்கலுக்கு ஏது பல்?

"செல்லையாண்ணே, ஒங்ககிட்ட பிளையர் இருக்கா?"

"இருக்குலா." சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினார். கிளாரன்ஸின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணல தம்பி. நாலு புள்ளைங்க எனக்கு. எழுதிப்புடாத."

எழுதினால் செல்லையா குடும்பம் நடுத்தெருவில். எழுதாமல் மறைத்தால் அடுத்த கப்பல் தனக்கு. எதற்கும் ஒரு நாள் கூடவே போய்ப் பார்ப்போம் என்று நட்டை இறுக்கிவிட்டுப் போய்ப் படுத்தான்.

மறுநாள் கொட்டகையிலிருந்து கேட் வரைக்கும் இஞ்சின் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது.

கேட்டில் ஸ்பெசல் கான்ஸ்டபிள் தங்கராஜு. லயத்துப் பெண்கள் பல் விளக்குவதற்கு முன்பே ஒரு தடவை திட்டித் தீர்க்கிற ஆள். வெறும் தேத்தண்ணி போத்தலைக்கூடத் திறந்து மோந்து பார்ப்பான். அன்றும் பார்த்தான். எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினான். செல்லையாவும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

வழக்கம்போல அரிசி தேட பானெட்டைத் திறந்தான் தங்கராஜு. மறுபக்கம் டயரைப் பார்க்கக் குனிந்த கிளாரன்ஸின் கண்ணில், இடுக்கு வழியாக அது பட்டது. தங்கராஜு பையிலிருந்து பிளையரை எடுத்து, முழங்கை வரை உள்ளே விட்டுத் திருகிக்கொண்டிருந்தான்.

கிளாரன்ஸ் வாயைத் திறப்பதற்குள் ஆறே கால் விசில் ஊதிவிட்டார்கள். ஓடிப்போய்ப் பின்பக்கம் ஏறிக்கொண்டான். படுபாவி, செய்வது இவன், கப்பல் ஏறப்போவது செல்லையா. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான் என்று பல்லைக் கடித்தான்.

லோரி நொண்டிக்கொண்டே நகர்ந்தது. அப்போதுதான் பின்னால் மூன்று பெண்கள் ஓடி வந்தார்கள்.

மூன்று பேரும் கைக்குழந்தைக்காரிகள். பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் பால் கொடுத்துவிட்டு வருவதால் சோதனை வரிசையில் என்றைக்கும் அவர்கள்தான் கடைசி. லோரி ஆள் நடக்கிற வேகத்தில் போனது. ஒவ்வொருத்தியாகத் தொற்றி ஏறினார்கள். கடைசியாகக் காளியம்மாவைக் கிளாரன்ஸ்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"அந்தக் கட்டையில போற தங்கராஜு," என்று மூச்சு வாங்கினாள். "புள்ளப் பெத்தவன்னுகூடப் பாக்காம நிக்க வைக்கிறான். ஏதோ நம்ம நல்ல நேரம், இந்த லோரி நொண்டுது. போன மாசம் பாதி நாளு பேரு போச்சி எனக்கு."

கிளாரன்ஸ் தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போகும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் கிராணியிடம் காகிதத்தை நீட்டினான். "மெஷின் கோளாறுதான், ஐயா. பழைய பைப்பு, நட்டு புடிக்க மாட்டேங்குது. செல்லையா மேல தப்பு இல்ல."

"எப்ப சரியாவும்?"

"கிள்ளான்லேர்ந்து புது பைப்பு வரணும். இப்போதைக்கு வராது."

கிராணி பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். கிளாரன்ஸ் அங்கிருந்து நேராகக் கேட்டுக்குப் போனான்.

தங்கராஜு விறைப்பாக நின்றான். "என்னா பிட்டரு?"

"எங்க கத்துக்கிட்ட?"

தங்கராஜுவின் முகம் வெளுத்தது. "போன மாசம் இதே கேட்டுல லோரி நின்னப்ப, நீங்க ஒவ்வொரு நட்டா தளத்திப் பாத்தீங்க. நானும் பாத்துக்கிட்டு இருந்தேன்." பிறகு மெல்லச் சொன்னான், "அந்தக் கைப்புள்ளக்காரிங்கள சோதிக்காம விட எனக்கு உத்தரவு இல்ல. லோரிய நிப்பாட்டவும் உத்தரவு இல்ல."

கிளாரன்ஸ் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பானரை எடுத்து அவன் கையில் வைத்தான்.

"பிளையர் போட்டா தடம் விழுது. இனிமே இதுல திருகு. அரைச் சுத்து போதும்."