பை நிறையக் காற்று

செங்கமலம் வேலை பார்ப்பது மிளகாய்த்தூள் மூட்டைகளுக்குக் கிருமி சாகக் காமா கதிர் காட்டும் அறையில். காட்டி முடிந்ததும் கதிர் வீசும் கோபால்ட் தண்டுகள் தண்ணீருக்குள் இறங்கிவிடும்; கதிர் நின்றுவிடும். ஆனால் கதிர் பட்ட காற்றில் பிறந்த ஓசோன் அங்கேயே நிற்கும், நெஞ்சை அறுக்கும். மின்விசிறி அதை வெளியே தள்ளப் பத்து நிமிடமாகும். மேனேஜர் இரண்டு நிமிடம்கூடப் பொறுக்கமாட்டார்.

“கையில இருக்குற கதிர் மீட்டர் சைபர் காட்டுதுல்ல? உள்ள போம்மா. சும்மா இருமி நடிக்காத.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போனவள் மூட்டையைத் தொடவில்லை. பெரிய பிளாஸ்டிக் பை நிறையக் காற்றைப் பிடித்து, வாயை முறுக்கிக்கொண்டு, நேரே மேனேஜரின் ஏசி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். மீட்டரைப் பையோடு ஒட்டிப் பிடித்தாள். சைபர்.

அவள் முறுக்கைப் பிரித்ததும் மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

“உக்காருங்க சார்,” என்றாள் செங்கமலம். “நடிக்காதீங்க.”