செவலையும் ஸ்மார்ட் பூட்டும்

இளவழகன் தன் கையாலேயே வாசல் கதவில் ஒரு ஸ்மார்ட் பூட்டைப் பொருத்தினார். காவல் வேலை கைவிட்டுப் போன வருத்தத்தில் இருந்த செவலை நாய் அதனிடம் கேட்டது: "வருகிறவர் நம்ம ஆள்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

"ரகசிய எண் இருக்கிறதே. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கம்பெனியிலேயே போட்டுக் கொடுத்தது. ஐயா இன்னும் மாற்றவில்லை."

மறுநாள் மதியம் முன்பின் தெரியாத ஒருவன் வந்து அதே எண்ணை அழுத்தினான். பூட்டு திறந்து வழிவிட்டது; அவன் உள்ளே போனதும் மறுபடி பூட்டிக்கொண்டது. செவலை தொண்டை கிழியக் குரைத்தது.

"மரியாதையாக இரு. சரியான எண்ணைப் போட்டவர்" என்று பூட்டு அதட்டியது.

குரைப்புச் சத்தம் கேட்டுத் தெருமுனைக் கடையிலிருந்து ஓடிவந்த இளவழகன், அவசரத்தில் மூன்று முறை எண்ணைத் தப்பாக அழுத்தினார். பூட்டு இறுகிக்கொண்டது.

"பார்த்தாயா செவலை," என்றது பெருமையாக, "ஒரு திருடனை வாசலிலேயே நிறுத்திவிட்டேன்."