அரக்கு வைத்த உறை

“இந்தப் பேரை டைப் அடிச்சது யாரு?”

புது அதிகாரி கேட்டதும் தட்டச்சர் முதலில் தன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டார். கணினி வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், விரலில் டைப்ரைட்டர் ரிப்பன் மை ஒட்டியிருக்குமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. நீதிமன்றத்தில் எல்லோருக்கும் அவர் ‘ரிப்பன் அக்கா’. ஓய்வு பெற இன்னும் பதினோரு நாள்.

“நான்தான் மேடம்.”

ஒரு வாரம் லீவில் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, “ரிப்பன் அக்கா, புது மேடம் கூப்பிடறாங்க. எதுக்கும் தண்ணி குடிச்சுட்டுப் போங்க” என்று அனுப்பிவைத்தார்கள். மேடத்துக்கு முப்பது வயது இருக்கலாம். வந்து இரண்டு நாள்தான். கதவில் மாட்ட வேண்டிய பெயர்ப்பலகைகூடக் காகிதம் பிரிக்காமல் மேசை ஓரத்தில் சாய்ந்து கிடந்தது.

மேசையில் இருபத்திரண்டு வருஷத்துப் பழைய தீர்ப்பு ஒன்று. பழைய தீர்ப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிறுபிள்ளைகள் பாதிக்கப்பட்ட வழக்கு என்றால் பிள்ளையின் பெயர் வெளியே தெரியக் கூடாது. இந்தத் தீர்ப்பிலோ பக்கத்துக்குப் பக்கம் ‘தென்றல்’, ‘தென்றல்’ என்று இருந்தது. சரிபார்த்தவர்கள் சிவப்பு மையில் சுழித்து, ‘பெயர் மறைக்கப்படவில்லை. பொறுப்பானவர் மீது நடவடிக்கை’ என்று எழுதியிருந்தார்கள்.

“மத்த தீர்ப்புல எல்லாம் ‘எக்ஸ்’னு இருக்கு. இதுல மட்டும் பேரை அப்படியே விட்டுட்டீங்களே?”

“அது அந்தப் பிள்ளையோட பேரு இல்ல மேடம். நானா வெச்சது.”

“நீங்களா?”

“ஜட்ஜய்யா எக்ஸ்னுதான் போடச் சொன்னார். ஒன்பது வயசுப் பிள்ளை மேடம். கூண்டுல ஏறினா தலைகூடத் தெரியல, முக்காலி போட்டு நிக்க வெச்சாங்க. டைப்ரைட்டர்ல தப்பா அடிச்சுட்டா அது மேல வரிசையா எக்ஸ் அடிச்சுத்தான் அழிப்போம். ஒரு தப்பும் பண்ணாத பிள்ளைக்கு அந்த எழுத்தையா வெக்கிறது?”

“அதுக்கு?”

“அன்னைக்குக் கரண்ட் இல்ல. அறையெல்லாம் புழுக்கம். திடீர்னு ஜன்னல் வழியா சில்லுனு ஒரு காத்து. அந்தப் பேரையே வெச்சுட்டேன். அய்யாவும் படிச்சுப் பார்த்துட்டு, ‘எக்ஸுக்கு இது தேவலை’ன்னு கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷன்.”

“அவரைக் கேக்கலாமா?”

“அவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆச்சு மேடம்.”

“அப்ப உண்மையான பேரு?”

“அரக்கு வெச்ச உறையில இருக்கு. கீழே பெட்டக அறையில.”

“சரியாப் போச்சு. உறையைப் பிரிச்சுப் பார்த்தா அஞ்சு நிமிஷத்துல உங்க மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுடும். ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்க.”

நீட்டிய பேனாவைத் தட்டச்சர் தொடவில்லை. உறையைப் பிரிப்பதென்றால் பதிவேட்டில் எழுத வேண்டும், இரண்டு பேர் சாட்சி நிற்க வேண்டும். நாலு கண் பார்த்தது நாற்பது காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

“வேண்டாம் மேடம். மெமோவையே கொடுத்துடுங்க.”

“முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு மெமோகூட வாங்கினதில்ல நீங்க. போற நேரத்துல வாங்கிக்கறேங்கறீங்க?”

“தலைகுனிவுதான். அதுக்காக அந்தப் பிள்ளையை மறுபடியும் கூண்டுல ஏத்தறதா? இப்ப எங்கேயோ நல்லா இருக்கும். இருக்கணும். அந்தப் பேரை மூடி வெச்ச கையே அதைத் திறக்கச் சொல்லி எழுதிக் கொடுக்காது மேடம்.”

அதிகாரி எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். முதுகைக் காட்டியபடியே மெதுவாகச் சொன்னார்: “‘தென்றல் அழாமல் சொன்னாள். தென்றலின் சொல்லை இந்த நீதிமன்றம் முழுமையாக நம்புகிறது.’”

தீர்ப்பு மேசையிலேயே கிடந்தது. பாவம், நடவடிக்கை எடுப்பதற்காகப் பலமுறை படித்திருப்பார் என்று தட்டச்சர் நினைத்துக்கொண்டார்.

“அந்த வரி அடிக்கும்போது எனக்குக் கண்ணை மறைச்சுடுச்சு மேடம். ரெண்டு தடவை தப்பு விட்டேன்.”

“எக்ஸ் போட்டு அழிச்சீங்களா?”

“ஐயோ, அந்தப் பக்கத்துலயா? ரெண்டு தடவையும் தாளையே மாத்திட்டேன்.”

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினார். சிவப்பு மைக்குக் கீழே, ‘தவறு ஏதும் இல்லை. நடவடிக்கை கைவிடப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துக்குப் பதில் சின்னதாக ஒரு சுழி போட்டார்.

தட்டச்சருக்குப் போன உயிர் திரும்பியது. “நீங்க நல்லா இருக்கணும் மேடம்” என்று கும்பிட்டார்.

“இருக்கேன்” என்ற அதிகாரி, ஒரு கறுப்பு மார்க்கரை அவர் கையில் வைத்தார். “ஆனா இந்தப் பேரை எல்லாப் பக்கத்துலயும் நீங்களே மறைச்சுடுங்க.”

“அதான் சொன்னேனே மேடம், அது நிஜப் பேரே இல்ல.”

“நீங்க அடிக்கும்போது இல்லம்மா. அடிச்ச கையைப் பார்த்து நன்றி சொல்லத்தான் மாத்தல் கேட்டு இங்க வந்தேன்.”

சொல்லிவிட்டு மேசை ஓரத்துப் பலகையின் காகிதத்தைப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசை வீட்டில் காட்டும் பிள்ளைபோல, இரண்டு கையாலும் அவர் பக்கம் திருப்பினார் தென்றல்.